கம்மின்னா எதுல கம்மி?

அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது என்று சொன்ன டாக்டர், ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டு எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், லேமினேட் செய்த அட்டை ஒன்றை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். நான்கு வரிசை, நான்கு லென்ஸ், நான்கு விலை. கடைசி வரிசையின் விலை முதல் வரிசையைப் போல ஆறு மடங்கு.

என் கண் நேராகக் கடைசி வரிசைக்குப் போனது. மாதச் சம்பளம் வாங்கும் மகன்களின் கண் அங்கேதான் போகும். அம்மாவின் விரல் முதல் வரிசையில் நின்றது.

"ஏம்மா, இது விலை கம்மி. சரி. கம்மின்னா எதுல கம்மி?"

"அது பேசிக் லென்ஸ்தாம்மா. நிறைய பேர் அடுத்ததுதான் எடுக்கறாங்க."

"அது இருக்கட்டும்மா. இதுல எது கம்மின்னு கேட்டேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். வேலை பார்ப்பது, ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில். துறையைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ளலாமே என்று மருத்துவக் கருவிகள் சம்பந்தமான ஒரு வார இறுதி முதுகலைப் படிப்பில் சேர்ந்து, அப்போது இரண்டாம் வருடத்தில் இருந்தேன். மூன்று கட்டாயப் பாடங்கள்: உயிரியல், உயிர்மருத்துவப் பொறியியல், வணிகம். அம்மாவின் கண்ணுக்குள் போகவிருந்த அந்த லென்ஸ் மூன்று வகுப்புகளிலும் வந்திருந்தது. மூன்றிலும் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் அம்மா கேட்ட கேள்வி எந்த வினாத்தாளிலும் வரவில்லை.

*

உயிரியல் வகுப்பில் நான் கற்றது இது. நம் உடம்பில் பெரும்பாலான பாகங்கள் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. கண்ணின் லென்ஸ் அப்படி இல்லை. ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக அங்கே ரத்தக் குழாய் கிடையாது. முதிர்ந்த லென்ஸ் செல்கள் தங்கள் உட்கருவையும் மற்ற உள்ளுறுப்புகளையும் இழந்துவிடுகின்றன. மிஞ்சுவது கிரிஸ்டலின் என்ற புரதம் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒரு கண்ணாடி. லென்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் புரதம் நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானது. அதை மாற்றவோ பழுதுபார்க்கவோ அங்கே யாரும் இல்லை. கிரீன்லாந்து சுறாக்கள் சில நூறு வருடம் வாழ்கின்றன என்பதை 2016-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டதும் அவற்றின் கண் லென்ஸை வைத்துத்தான். பிறந்தபோது இருந்த பொருள் அப்படியே அங்கே இருந்தது.

ஒரு காவல் மட்டும் உண்டு. ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற புரதம், உருக்குலையும் மற்ற புரதங்களைப் பிடித்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறது. புதிதாக ஆள் சேர்க்க முடியாத காவல்படை அது. வயது ஏற ஏறத் தீர்ந்துபோகிறது. பிறகு முட்டையின் வெள்ளை வேகும்போது வெளுப்பதுபோல லென்ஸ் கலங்குகிறது. அதுதான் புரை.

அந்தப் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஏழை பணக்காரன் இல்லை. எல்லா லென்ஸும் ஒரே மாதிரிதான் மங்குகிறது.

*

அடுத்த வகுப்பு பொறியியல். அங்கே கதை லண்டனில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மேல்மூடி, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. மூடி உடைந்து அதன் சில்லுகள் கண்ணுக்குள் பாய்ந்த விமானிகளுக்கு ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் சிகிச்சை செய்தார். சில்லு உள்ளேயே தங்கிவிட்ட கண்கள் பலவும் அதைப் பெரிதாக எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் ஒரு லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் கண்ணுக்குள் பொருத்தினார். கணக்குத் தப்பி, அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது.  கண்ணுக்குள் இருக்கும் பொருளை வெளியே எடுப்பதுதான் வைத்தியம் என்றிருந்த காலம் அது. நீர் உள்ளே போடுகிறீரே என்று பெரிய மருத்துவர்கள் அவரை வருடக்கணக்கில் எதிர்த்தார்கள்.

பேராசிரியர் இந்தக் கதையிலிருந்து எடுத்த பாடம் சின்னது. நல்ல பொருள் என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த இடத்தில், எந்த வேலைக்கு, எவ்வளவு காலம் என்று சொன்னால்தான் நல்லதா என்று சொல்ல முடியும். அதாவது, "எதற்குப் போதும்?"

அந்த இடத்தில் எனக்கு ஆச்சியின் ஞாபகம் வந்தது. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். 1980-களின் கடைசியில் ஒரு கண் முகாமில் ஆச்சிக்கு இலவசமாக ஆபரேஷன் ஆனது. மங்கிய லென்ஸை எடுத்தார்கள்; பதிலுக்கு எதுவும் வைக்கவில்லை. கையில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கிட்டத்தட்ட கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். ஓரத்தில் இருப்பது தெரியாது. ஆச்சி காபியை டம்ளருக்கு முன்னால் ஊற்றுவாள். படி இறங்கும்போது காலால் தடவித்தான் அடுத்த படியைக் கண்டுபிடிப்பாள். ஒருமுறை கண்ணாடி உடைந்தது. வேறு வந்து சேரும்வரை இரண்டு வாரம் திண்ணையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதற்காக முகாம் நடத்தியவர்களை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "தெரியாம கெடந்த கண்ணுக்கு இதாவது தெரியுதே" என்பாள்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. காசு கொடுத்தவர்களுக்கு லென்ஸ், கொடுக்க முடியாதவர்களுக்குக் கண்ணாடி. ஆச்சிக்கு எதில் கம்மி என்று கேட்டால் பதில் நேரடியானது: கண்ணில் கம்மி.

*

மூன்றாவது வகுப்பு வணிகம். ஒரே பொருளை வேறு வேறு ஆளுக்கு வேறு வேறு விலையில் விற்பது எப்படி என்பது பாடம். பேராசிரியர் ஒரு ரயில் பெட்டியில் தொடங்கினார்.

1849-ல் ழூல் டுப்புய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குச் சில ரயில் கம்பெனிகள் ஏன் கூரை போடுவதில்லை? கூரைக்கு ஆகும் செலவு சொற்பம். அவர் கண்ட காரணம் வேறு. மூன்றாம் வகுப்பு சௌகரியமாக இருந்தால், இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவரும் அதில் ஏறிவிடுவார். அவரைப் பயமுறுத்தத்தான் கூரை இல்லை. ஏழையை நனைக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசை இல்லை; வசதியானவரின் பையிலிருந்து காசை எடுக்க ஏழை நனைய வேண்டியிருக்கிறது.

பிறகு என் துறைக்கே வந்தார். 1991-ல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்று மலிவான சிப் ஒன்றை விற்றது. விலை அதிகமான சிப்பில் கணக்குப் போடும் பகுதி ஒன்று உண்டு. அதைச் செயலிழக்கச் செய்துவிட்டால் மலிவான சிப். கெடுப்பது கூடுதல் வேலை, ஆனாலும் லாபம். இப்படிக் கெடுக்கப்பட்ட சரக்கைப் பற்றி 1996-ல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரையையும் படித்தோம். அவர்கள் காட்டியது சங்கடமான ஓர் உண்மை: சில சமயம் இப்படிக் கெடுத்து விற்பதால் எல்லோருக்குமே நன்மை. கெடுத்த சரக்கு இல்லை என்றால் காசில்லாதவருக்கு எந்தச் சரக்குமே கிடைத்திருக்காது.

விலைகளுக்கு நடுவே நிற்கும் இந்தத் தடுப்புக்கு அந்தப் பாடத்தில் வேலி என்று பெயர். எங்கள் தேர்வுக்கு வந்தது மதுரை.

*

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 1993-ல் ஒரு கேஸ் ஸ்டடி வெளியிட்டது. உலகம் முழுக்க வணிகம் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி எங்கள் பக்கத்துக்காரர். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளுடன் ஆரம்பித்தார். காசு கொடுப்பவர்களின் பணத்தில் காசில்லாதவர்களுக்கும் சிகிச்சை என்பது ஏற்பாடு.

எந்த வாசல் வழியாகப் போவது என்பதை வருகிறவரே தீர்மானிக்கலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. மென்பொருள் எழுதுபவனாக எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. நான் எழுதும் எந்தப் பக்கமும் ஆளை நம்பாது, ஓ.டி.பி. கேட்கும், ஆதாரம் கேட்கும். இங்கே வசதியானவரும் இலவச வாசலில் நுழைந்துவிட்டால்?

"வேலி எங்கே இருக்கிறது?" என்று பேராசிரியர் கேட்டார். வகுப்பு யோசித்தது. அவரே சொன்னார்: "பாய்." காசு கொடுப்பவருக்கு அறை, கட்டில். இலவசப் பிரிவில் தரையில் பாய். டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்கிறார்கள். பாயே சான்றிதழ் கேட்டுவிடுகிறது என்றார். வகுப்பு சிரித்தது. நானும் அதையே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

ஆனால் அந்தக் கேஸ் ஸ்டடியின் காலத்தை ஒட்டிய இன்னொரு விஷயம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அங்கேயும் ஆரம்பத்தில் வித்தியாசம் பாயோடு நிற்கவில்லை. எல்லா இடத்தையும் போலவே, லென்ஸ் பெரும்பாலும் காசு கொடுத்தவர்களுக்கு. இலவசப் பிரிவில் பெரும்பாலோருக்கு ஆச்சி போட்டிருந்த மாதிரிக் கண்ணாடி. இது சரியில்லை என்று அவர்கள் நினைத்ததன் விளைவுதான் 1992-ல் தொடங்கிய ஆரோலேப். லென்ஸைத் தாங்களே செய்தார்கள். நூறு டாலர் அளவில் இருந்தது பத்து டாலர் பக்கம் இறங்கியது. பிறகு இன்னும் கீழே போனது. இலவசப் பிரிவுக் கண்ணுக்குள்ளும் லென்ஸ் போனது.

வித்தியாசத்தைக் கண்ணிலிருந்து பாய்க்கு இடம் மாற்ற ஒரு தொழிற்சாலை தேவைப்பட்டிருக்கிறது. வகுப்பில் நாங்கள் பாயைப் பார்த்துச் சிரித்தோம்; அதற்குப் பின்னால் இருந்த இந்த இடமாற்றத்தைப் பார்க்கவில்லை.

*

இப்போது அம்மாவின் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். விலை கம்மி என்றால் மூன்று விதத்தில் கம்மியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

முதலாவது, முடியாததால் கம்மி. ஆச்சிக்கு நடந்தது. கொடுக்க ஆசை, கையில் இல்லை.

இரண்டாவது, செலவாவதால் கம்மி. மடியாத லென்ஸுக்குக் கண்ணில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு வழி வேண்டும். மடித்து நுழைக்கும் லென்ஸுக்கு மூன்றுக்கும் குறைவு. அதற்கு மெஷினும் லென்ஸும் விலை கூட. இன்றைக்கும் இலவச ஆபரேஷன்கள் பல, மெஷின் இல்லாமல் கையால் செய்யும் முறையில்தான் நடக்கின்றன. இரண்டு முறைகளையும் நேபாளத்தில் ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்வை இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பொறியியல் பேராசிரியரின் கேள்விக்கு அது பதில்: பார்வைக்குப் போதும்.

மூன்றாவது, வேண்டுமென்றே கம்மி. கூரை இல்லாத பெட்டி. முடக்கப்பட்ட சிப்.

மூன்றாவதைத் தப்பு என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது சுலபம். ஆனால் பாய் எந்த வகை? கட்டில் போட இடமும் பணமும் ஆகும் என்பதால் இரண்டாவது வகை. வசதியானவரை அது தயங்கவைக்கிறது என்பதால் கொஞ்சம் மூன்றாவது வகையும்தான். அப்படியானால் பாய்க்கும் கூரையில்லாத பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?

எனக்குத் தெரிந்தவரை வித்தியாசம் இரண்டு. ஒன்று, வந்த காரியத்தில் பாய் கை வைப்பதில்லை. வந்தது பார்வைக்கு. இரண்டாவது, வேலி யாரைக் குத்துகிறது என்பது. வீட்டிலும் பாயில் படுப்பவருக்குப் பாய் ஒரு தண்டனை இல்லை. அதைத் தடையாக உணர்பவர் கட்டில் பழக்கமானவர் மட்டுமே. தடுக்க வேண்டியதும் அவரைத்தான். மழை அப்படி ஆள் பார்ப்பதில்லை. டிக்கெட் வாங்க முடியாதவர் முழுக்க நனைந்தால்தான் வாங்க முடிந்தவர் பயப்படுவார். ஒருவரைக் காட்டி இன்னொருவரை மிரட்டுவது அது.

இதிலும் ஓட்டை உண்டு. ஆச்சிக்கு மூட்டுவலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். அவளைப் போன்றவருக்குப் பாயும் மழைதான். ஆகவே ஒருமுறை வேலி போட்டுவிட்டு நியாயமான வேலி என்று பேர் வைத்துவிட்டுப் போக முடியாது. யாருக்குக் குத்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

*

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், கூரையைக் கழற்றியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஆப்பில் பரிசோதனை ரிப்போர்ட் வரும். சந்தா கட்டியவர்களுக்கு உடனே. இலவசமாகப் பயன்படுத்துபவர்களுக்கு நான்கு மணி நேரம் கழித்து. ரிப்போர்ட் தயாராக சர்வரில் உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்து வைப்பதற்காகத் தனியாகக் கோட் எழுத வேண்டும். 2021-ல் அதை எழுதியவன் நான். பதினொரு வரி. பக்கத்தில் 'வணிகக் காரணம்' என்று ஒரு குறிப்பும் போட்டேன். சரிபார்த்தவர் ஒரு கட்டைவிரல் பொம்மையைப் போட்டு அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன்.

அம்மாவின் கேள்வியை அந்தப் பதினொரு வரியிடம் கேட்டுப் பார்த்தேன். கம்மின்னா எதுல கம்மி? வந்ததே ரிப்போர்ட்டுக்கு, அதில்தான் கை வைத்திருக்கிறேன். குத்துவது யாரை? கட்டியின் ரிப்போர்ட்டுக்காகப் பஸ் ஸ்டாண்டில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவரை. இரண்டு கேள்வியிலும் தோற்றது.

மேனேஜரிடம் பேசினேன். அவர் வில்லன் கிடையாது. "அந்த சந்தாலதான்ப்பா இலவச ஆப்பே ஓடுது. எடுத்துட்டா ரெண்டும் போயிடும்" என்றார். 1996 கட்டுரையின் வாதம் அப்படியே. அதை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்தோம்: ரிப்போர்ட்டில் ஏதாவது எண் அளவை மீறியிருந்தால் உடனே அனுப்புவது, மற்றவை நான்கு மணி நேரம் கழித்து. எனக்குத் திருப்தியாக இருந்தது. சோதித்துப் பார்க்கும் பெண் மறுநாளே என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணா, அப்போ சீக்கிரம் வந்தா கெட்ட செய்தின்னு அர்த்தம் ஆயிடாதா?"

ஆகிவிடும். மனிதர்கள் ஒரே வாரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு போன் அடித்தாலே பயம். வந்த காரியத்தில் பாதி கை வைத்தாலும் அது கை வைத்ததுதான் என்று அன்று புரிந்தது.

இப்போது சில நிலையங்களில் மட்டும் காத்திருப்பை முழுக்க எடுத்திருக்கிறோம். சந்தாக்காரர்களுக்குப் பதிலாக வேறு கொடுக்கிறோம்: ஐந்து வருட ரிப்போர்ட்டுகளின் வரைபடம், வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. அந்த நிலையங்களில் சந்தா குறைந்திருக்கிறது. மேனேஜர் அடுத்த காலாண்டு வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் எண்கள் ஏறாவிட்டால் அந்தப் பதினொரு வரி திரும்பி வரும். என்னைத்தான் எழுதச் சொல்வார்கள்.

*

அன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரிந்ததை வைத்து அம்மாவுக்கு விளக்கினேன். முதல் வரிசை லென்ஸில் தூரம் நன்றாகத் தெரியும். படிக்க, ஊசி கோக்கக் கண்ணாடி வேண்டும். கடைசி வரிசையில் இரண்டும் அனேகமாகக் கண்ணாடி இல்லாமல் தெரியும். சிலருக்கு ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ கண்ணாடியிலதான் கம்மி. கண்ணுல இல்ல."

"ஆமாம்மா."

"பெறகென்ன தம்பி. இதையே போடச் சொல்லு."

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அம்மா, நேராக அந்தப் பக்கத்து அறைக்குள் போனாள். உள்ளே வேறொரு குடும்பம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, முதல் லென்ஸுக்குப் படிக்கக் கண்ணாடி மட்டும் போடணும், வேற ஒண்ணும் கம்மி இல்லன்னு இவங்ககிட்ட சொல்லிட்டியா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "சொல்றேன்மா."

அம்மா நகரவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.